பூச்சு காப்பது யாரை?

பெங்களூர் பீண்யா தொழிற்பேட்டையில் ‘பவுடர் கோட்டிங்’ என்று எழுதிய பலகைகளைப் பல இடங்களில் பார்க்கலாம். ஜன்னல் சட்டமோ, மின்பெட்டியோ, நாற்காலிக் காலோ, எது வந்தாலும் அதன் மேல் மாவு போன்ற பிளாஸ்டிக் தூளைத் தெளித்து, அடுப்பில் வாட்டி, எளிதில் கீறல் விழாத வண்ணத் தோலாக மாற்றித் தருவார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உரிமம் பெற்ற துப்பாக்கி சுடுவோர் சிலர், வீட்டில் தாங்களே வார்க்கும் காரீயக் குண்டுகளுக்கு இதே பூச்சைப் போட்டுக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் அந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் அந்தச் சிறு பூச்சுக்குள் இருக்கும் அறிவியல் நமக்கு வேண்டியதுதான். காரீயத்தோடு மனிதன் எப்படிப் பழகிவந்தான், எங்கே ஏமாந்தான் என்பதை அது காட்டுகிறது. காரீயம் குழந்தைகளின் உடலில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இந்தியாவுக்கு எடுத்துச் சொன்ன ஊரும் பெங்களூர்தான்.

காரீயத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

குண்டு செய்ய ஓர் உலோகம் வேண்டுமென்றால் அது கனமாக இருக்க வேண்டும், எளிதில் உருக வேண்டும், குழலைச் சேதப்படுத்தாத அளவுக்கு மென்மையாகவும் இருக்க வேண்டும். காரீயத்தில் மூன்றும் உண்டு. ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.34 கிராம் எடை. இரும்பு 8 கிராமுக்கும் குறைவு. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்பும் ஓர் இரும்புக் கரண்டியும் அச்சும் போதும். மைசூர்ப் போர்க் காலத்துச் சிப்பாய்கள் முதல் இன்றைய பொழுதுபோக்காளர்கள் வரை எல்லோரும் இதை வீட்டளவில் வார்க்க முடிந்ததற்குக் காரணம் அந்த வெப்பநிலைதான்.

தூய காரீயம் நகத்தால் கீறும் அளவுக்கு மெத்தென்றிருக்கும். அதனால் ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்துக் கடினமாக்குவார்கள். கணினி வருவதற்கு முன் அச்சகங்களில் வரி வரியாக எழுத்து வார்த்த லைனோடைப் இயந்திரத்தின் உலோகமும் இதே குடும்பம்தான்: ஏறத்தாழ 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். இந்தக் கலவை சுமார் 240 டிகிரியிலேயே உருகிவிடும். அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரப்பி, கூர்மையான விளிம்போடு உறையும்.

குழலுக்குள் நடப்பது

ரைபிள் குழலின் உட்சுவரில் சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைக் கவ்விக்கொண்டு சுழன்றபடி வெளியேறினால்தான் நேராகப் பறக்கும். கவ்வ வேண்டுமென்றால் குண்டு குழலை இறுக்கமாக நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் வெடிமருந்தின் வாயு பக்கவாட்டு இடைவெளி வழியே பீறிட்டு ஓடும். 2000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்த வாயு, மெல்லிய பிளவில் உலோக வெட்டுச் சுடர் போலப் பாய்ந்து, காரீயத்தை அரித்து எடுத்துக் குழலின் சுவரில் ஈயமாகவே அப்பிவிடும். நாலைந்து முறை சுட்டால் பள்ளங்கள் தூர்ந்துபோகும், குறி தப்பும்.

குண்டின் அடிப்பகுதி வெப்பத்தில் உருகி ஒழுகுவதால்தான் இப்படி ஆகிறது என்று பலர் நினைக்கிறார்கள். குண்டு குழலுக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிநொடிதான். அதற்குள் வெப்பம் உலோகத்தின் உள்ளே ஊடுருவி அதை உருக்கிவிட முடியாது. கசியும் வாயுதான் முதல் குற்றவாளி. அதனால் குண்டைக் கடினமாக்குவது மட்டுமே தீர்வாகாது. அளவுக்கு மீறிக் கடினமான குண்டு அழுத்தத்தில் விரிந்து இடைவெளியை அடைக்காது. அப்போது படிவு இன்னும் மோசமாகும். சரியான அளவு, தேவையான கடினம், நடுவே ஒரு வழுக்கும் படலம் ஆகிய மூன்றும் சேர வேண்டும். குண்டுக்குப் பூச்சு தேவைப்பட்டது இதற்காகத்தான்.

1857இன் கொழுப்பு

அந்தப் படலத்துக்காக மனிதர்கள் முதலில் நம்பியது கொழுப்பையும் மெழுகையும். இந்தியாவில் அந்தக் கொழுப்புக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே, 1849 வாக்கில் அடியில் குழிவுள்ள ஒரு காரீயக் குண்டை உருவாக்கினார். சுடும்போது வாயு அழுத்தம் குழிவை விரித்து, குண்டைச் சுருள் பள்ளங்களோடு இறுக்கிவிடும். அந்தக் கொள்கையில் அமைந்த 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிள், கிழக்கிந்திய கம்பெனியின் படைக்கும் வந்தது. அக்காலக் கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே குழலில் தங்கும். அடுத்த குண்டு வாய்வழியாக உள்ளே இறங்க வேண்டுமானால் அந்தக் கசடை இளக்க வேண்டும். அதற்காகக் காகித உறையிட்ட தோட்டாவின் குண்டுப் பகுதிக்குக் கொழுப்புப் பூசினார்கள். மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டுவது படைப்பயிற்சி.

அந்தப் பூச்சில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருப்பதாக 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் பேச்சு எழுந்தது. சிப்பாய்கள் மெழுகும் தாவர எண்ணெயும் கொண்டு தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கி வந்தது. நம்பிக்கை முறிந்த பிறகு அது பயன்படவில்லை. மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியை உயர்த்தினார். ஏப்ரலில் மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10 அன்று மீரட் எழுந்தது. கிளர்ச்சிக்கு நிலம், வரி, அரசுரிமை என்று ஆழமான காரணங்கள் பல இருந்தன. அவற்றுக்குத் தீ வைத்தது, காரீயக் குண்டு தடையில்லாமல் இறங்குவதற்காகப் பூசிய கொழுப்பு. பூச்சைத் தீர்மானித்தவர்கள் குழலைப் பற்றி யோசித்தார்கள். அதை வாயருகே கொண்டுபோகும் மனிதனைப் பற்றி யோசிக்கவில்லை.

செம்பிலிருந்து பாலிமருக்கு

1884இல் பிரான்ஸில் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்ததும் கதை மாறியது. என்ஃபீல்டு குண்டின் வேகம் நொடிக்கு 300 மீட்டருக்கும் குறைவு. 1886இல் வந்த லெபெல் ரைபிள் அதை இரண்டு மடங்குக்கும் மேலாக்கியது. அந்த வேகத்தில் வெறுங்காரீயம் பள்ளங்களைக் கவ்வாமல் வழுக்கிப் பிய்ந்துபோகும். சுவிட்சர்லாந்தின் எடுவர்ட் ரூபின் 1882இலேயே இதற்கு வழி கண்டிருந்தார்: காரீயத்தைச் செம்புச் சட்டைக்குள் வைத்துவிடுவது. படைகள் எல்லாம் அதற்கு மாறின. குறைந்த செலவில், மெதுவான வேகத்தில் சுடுவோரிடம் மட்டும் மெழுகு பூசிய காரீயக் குண்டு தங்கியது. மெழுகு புகையும், கையில் பிசுபிசுக்கும், வெயிலில் உருகும். இந்தக் குறைகளைப் போக்கத்தான் குண்டுக்கும் பவுடர் கோட்டிங் வந்தது.

பட்டறையில் தெளிப்புத் துப்பாக்கி, தூளுக்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னூட்டம் ஏற்றுகிறது. பூச வேண்டிய பொருளைத் தரையோடு மின்னிணைப்பு செய்து தொங்கவிடுவார்கள். மின்னூட்டம் பெற்ற துகள் உலோகத்தை நாடிப் போய் ஒட்டும். வளைந்து பின்பக்கத்தையும் பிடிக்கும். குண்டு வார்ப்பவர்கள் பலர் தெளிப்புத் துப்பாக்கியைக்கூடத் தேடுவதில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் தூளையும் குண்டுகளையும் போட்டுக் குலுக்குகிறார்கள். உராய்வினாலேயே மின்னூட்டம் ஏறி, தூள் அப்பிக்கொள்கிறது. மழைக்காலத்தில் இது சரியாக ஒட்டாது. காற்றிலுள்ள ஈரம் மின்னூட்டத்தை இறக்கிவிடும்.

அடுத்தது அடுப்பு. தூளில் இருப்பது பாலியெஸ்டர் அல்லது எபாக்சி பிசினும் அதைப் பிணைக்கும் வேதிப்பொருளும். 180 முதல் 200 டிகிரிக்குள் அது முதலில் இளகிப் பரவும். பிறகு பிசின் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்புப் போட்டு ஒரே வலையாகும். வலையான பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அது திரும்ப உருகாது, கருகத்தான் செய்யும். குழலின் உராய்வை அது தாங்குவது இதனால்தான். 200 டிகிரி என்பதும் நல்வாய்ப்பான எண். லைனோடைப் கலவை உருக இன்னும் 40 டிகிரி வேண்டும். தூய காரீயத்துக்கு 127 டிகிரி. தூள் வெந்து முடியும்போது குண்டு தன் உருவம் கெடாமல் அப்படியே நிற்கும்.

பூச்சின் தடிமன் ஏறக்குறைய 25 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபுறமும் ஏறுவதால் குண்டின் விட்டம் அதில் இரட்டிப்பாகக் கூடும். அதனால் பூசிய குண்டுகளை ஓர் அளவுத் துளை வழியே அழுத்தி மறுபடி சரிசெய்கிறார்கள். ஈயம் பூசினாற்போலவும் இருக்க வேண்டும், பூசாதது போலவும் இருக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வது, இங்கேயும் பொருந்தும்.

பூச்சு மறைக்கும் இடம், மறைக்காத இடம்

பவுடர் பூச்சு குண்டின் அடிப்பகுதியையும் மூடுகிறது. வழக்கமான செம்புச் சட்டைக் குண்டில் அடிப்பகுதி பெரும்பாலும் திறந்தே இருக்கும். அங்கே படும் வாயு சிறிதளவு காரீயத்தைப் புகையாக்கி எடுத்துச் செல்லும். ஆகவே பூசிய குண்டு காற்றில் கலக்கும் ஈயத்தைக் குறைக்கிறது. கையிலும் ஒட்டாது. இந்த அளவுக்கு அது உண்மையான முன்னேற்றம்.

ஆனால் ஈயம் மனிதனை அடையும் மற்ற வாசல்கள் திறந்தே கிடக்கின்றன. தோட்டாவின் அடியில் பொறி கிளப்பும் மருந்தில் பெரும்பாலும் ஸ்டிஃப்னேட் என்ற காரீயச் சேர்மம் இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது நுண்துகளாகிச் சுடுபவரின் முகத்தருகே மிதக்கும். இலக்குக்குப் பின்னுள்ள எஃகுத் தகட்டில் மோதும் குண்டு, பூச்சோடு சேர்ந்து தூளாகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் உருக்கும் சட்டி இருக்கிறது.

சட்டியிலிருந்து ஆவி கிளம்பும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். காரீயத்தின் கொதிநிலை 1749 டிகிரி. 350, 400 டிகிரியில் அதிலிருந்து கிளம்பும் ஆவி மிகமிகக் குறைவு. ஆபத்து மேலே மிதக்கும் சாம்பல் நிற ஏட்டில் இருக்கிறது. அது காற்றோடு கலந்து உண்டாகும் ஈய ஆக்சைடு. அதைக் கரண்டியால் வழித்துக் கொட்டும்போது எழும் தூசி விரலில், சட்டையில், செருப்படியில் ஒட்டி வீட்டுக்குள் வந்துவிடும். இரைப்பை அமிலத்தில் ஆக்சைடு எளிதில் கரையும். தவழும் குழந்தை தரையைத் தொட்டு விரலைச் சூப்பினால் அது நேரே உடலுக்குள் போகும். பூச்சு போடுவதற்கு முன்பே, வார்த்தவரின் வீட்டில் கேடு நுழைந்தாகிவிட்டது.

நம் சமையலறையிலும் இதே நிலை உண்டு. பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பேறும் என்று உள்ளே ஈயம் பூசுகிறோம். பூச வேண்டியது வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும். அதில் காரீயம் கலந்தால் 183 டிகிரியிலேயே இளகும், செலவும் குறையும். அந்தக் கலப்படப் பூச்சில் புளி ரசம் கொதித்தால், காக்க வேண்டிய படலமே நஞ்சைக் கரைத்துத் தரும்.

பெங்களூர் எடுத்த கணக்கு

1990களின் இறுதியில், பெங்களூரைத் தளமாகக் கொண்ட ஜார்ஜ் அறக்கட்டளை இந்தியப் பெருநகரங்களில் சுமார் 22,000 பேரின் இரத்தத்தில் காரீயத்தை அளந்தது. பரிசோதித்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தது. அப்போது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவலைக்குரிய எல்லையாக வைத்திருந்த அளவு அது. 1999 பிப்ரவரியில் இதற்காகவே பெங்களூரில் ஒரு பன்னாட்டு மாநாடு கூடியது. மறு ஆண்டு, 2000இல், காரீயம் கலந்த பெட்ரோல் இந்தியாவிலிருந்து விடைபெற்றது.

இந்தப் பணியின் முகமாக இருந்தவர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ். ஈய நஞ்சுக்கான தேசியப் பரிந்துரை மையம் அந்தக் கல்லூரியில் அவர் முயற்சியால் உருவானது. பேட்டரித் தொழிலாளர்களின் உடல்நிலை, வீட்டுப் பெயின்ட், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்று காரீயம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் அவர் தேடிப் போனார். இந்தியாவின் ‘லெட் மேன்’ என்றே அவரை அழைத்தார்கள். வீட்டு வண்ணப் பூச்சில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

பெட்ரோல் மாறியதோடு சிக்கல் தீரவில்லை. சென்னையில் 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 750க்கும் அதிகமான குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், சராசரி அளவே 11 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அளவு கூடிய குழந்தைகளிடம் கவனச் சிதறல் அதிகமாகக் காணப்பட்டது. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரிடம், அதாவது சுமார் 80 கோடிப் பேரிடம், 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பதாக யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் மதிப்பிட்டன. பழைய பேட்டரிகளைத் திறந்த வெளியில் உடைத்து உருக்குவதை அவை முக்கியக் காரணமாகக் காட்டின. குண்டு வார்க்கும் சட்டியைவிட அந்த உலை பல மடங்கு கொடியது. பேட்டரிப் பசையை உலோகமாக மாற்ற 1000 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அங்கே ஈயப் புகை உண்மையாகவே எழும்.

உடல் ஏன் ஏமாறுகிறது?

காரீய அயனி கால்சியம் போல நடிக்கிறது. குடல் அதைக் கால்சியம் என்று நம்பி உள்ளே விடுகிறது. நரம்புச் செல்களும் கதவைத் திறக்கின்றன. வாயில் போகும் காரீயத்தில் பெரியவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், சிறு குழந்தைகள் பாதி வரை உறிஞ்சுவார்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த குழந்தையிடம் இது இன்னும் கூடும். இரத்தசோகை பரவலாக உள்ள நம் நாட்டில் இது இரட்டைச் சுமை. இரத்தத்தில் காரீயத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு மாதம். எலும்பில் புகுந்தால் பல பத்தாண்டுகள் தங்கும். பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து கால்சியத்தோடு அதுவும் வெளியேறிக் கருவை அடையும். தாய் சிறுமியாக இருந்தபோது உண்ட தூசி, மகளின் மூளையைத் தொடுகிறது.

இவ்வளவுதான் பாதுகாப்பான அளவு என்று உலக சுகாதார நிறுவனம் எதையும் சொல்வதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் எல்லையை 10இலிருந்து 2012இல் 5க்கும், 2021இல் 3.5க்கும் இறக்கியது. மிக உயர்ந்த அளவில் காரீயத்தைப் பிணைத்து வெளியேற்ற மருந்துகள் உண்டு. இழந்த அறிவுத்திறனை அவை மீட்டுத் தருவதில்லை. ஆகவே தடுப்பது ஒன்றே வழி.

செய்ய வேண்டியவை

நம் ஊர்களில் காரீயக் குண்டைத் தினமும் விரலால் தொடுபவர்கள் யார் என்று பார்த்தால், துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள்தான். 10 மீட்டர் ஏர் ரைபிளில் போடும் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் காரீயத்தால் ஆனது; அரை கிராம் எடை. வேகம் குறைவு என்பதால் குழலுக்குப் பூச்சு வேண்டியதில்லை. விரலுக்கோ எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பயிற்சிக்கூடத்தில் எதையும் தின்னக் கூடாது, முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், இலக்குப் பெட்டியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் எடுக்க வேண்டும். இந்த மூன்றையும் கூடத்தின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். வெள்ளீயத்தால் ஆன, காரீயமில்லாத பெல்லட்டுகளும் சந்தையில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் ஈரநிலங்களில் காரீயச் சிதறு ரவையைத் தடை செய்துவிட்டது.

ரேடியேட்டர் பற்றவைப்பவர், பேட்டரிக் கடையில் வேலை செய்பவர், மீன்வலைக்குக் குண்டு வார்ப்பவர் எல்லோருக்கும் அதே தூசிதான். வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதும், ஆண்டுக்கு ஒரு முறை இரத்தத்தில் காரீயத்தைப் பரிசோதித்துக்கொள்வதும் அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் காக்கும். கொழுப்பும் மெழுகும் செம்பும் பாலிமரும் குழலைக் காக்கப் பிறந்தவை. அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. மனிதனைக் காக்கும் வேலையை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது. காரீயத்தைத் தொடும் ஒவ்வொரு தொழிலிலும், பயிற்சிக்கூடத்திலும் இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். அளந்து காட்டினால் ஒரு நாடு பெட்ரோலையே மாற்றும் என்பதைப் பெங்களூர் ஒரு முறை நிரூபித்திருக்கிறது.